ரெண்டாவது தடவை நின்னா மார்ஜின் சரியும்: கலைஞரோட 13 தேர்தல்

கலைஞர் தேர்தல்ல தோத்ததே இல்ல, 1957ல இருந்து 2016 வரைக்கும் 13 தடவை நின்னார், 13 தடவையும் ஜெயிச்சார், இது தமிழ்நாட்டுல அரசியல் பேசுற எல்லாருக்கும் மனப்பாடம். பிடிச்சவங்க பெருமையா சொல்வாங்க, பிடிக்காதவங்க "அவர் சேஃபான தொகுதியா பாத்து பாத்து மாறிட்டே இருந்தாரு, அதான்"னு ஒரு இடி இடிப்பாங்க. ரெண்டு பேரும் அதோட நிறுத்திக்குவாங்க. எத்தனை ஓட்டுல ஜெயிச்சார்னு யாரும் கேக்கறதில்ல.

போன வாரம் ஒரு வேலையா உக்காந்தப்போ 13 தேர்தலோட வித்தியாசத்தையும் ஒரு நோட்டுல வரிசையா எழுதிப் பாத்தேன். குளித்தலை 1957 – 8,296. தஞ்சாவூர் 1962 – 1,928. சைதாப்பேட்டை 1967 – 20,484, அதே சைதாப்பேட்டை 1971 – 12,511. அண்ணா நகர் 1977 – 16,438, 1980 – வெறும் 699. துறைமுகம் 1989 – 31,991, 1991 – 890. சேப்பாக்கம் 1996 – 35,784, 2001 – 4,834, 2006 – 8,526. திருவாரூர் 2011 – 50,249, 2016 – 68,366.

எழுதி முடிச்சதும் முதல்ல கண்ணுல பட்டது என்னன்னா, ஒரே தொகுதில ரெண்டாவது தடவை நின்னப்பல்லாம் மார்ஜின் தடால்னு விழுந்திருக்கு. சைதாப்பேட்டைல விழுந்துச்சு, அண்ணா நகர்ல விழுந்துச்சு, துறைமுகத்துல விழுந்துச்சு, சேப்பாக்கத்துல விழுந்துச்சு. திருவாரூர் மட்டும்தான் ஏறியிருக்கு. நாலுக்கு நாலு சரிவு, அப்புறம் ஒரு ஏத்தம். இது தற்செயலா, இல்ல இதுக்குப் பின்னாடி ஏதாவது இருக்கான்னு நோண்டினதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு ஒப்பீடு முதல்லயே சொல்லிடறேன். கேரளால கே.எம். மாணியும் 13 தடவை ஜெயிச்சவர்தான், ஆனா 13ம் பாலா தொகுதி ஒண்ணுலயே. உம்மன் சாண்டி 1970ல இருந்து 12 தடவை, எல்லாமே புதுப்பள்ளி. அங்க எம்எல்ஏன்னா தொகுதியோட கட்டிக்கிட்டவர் மாதிரி, கல்யாணம் காதுகுத்து சாவு எல்லாத்துக்கும் போகணும், ஞாயித்துக்கிழமை வீட்டு வாசல்ல கூட்டம் நிக்கும். கலைஞர் அந்த டைப் கிடையாது. 7 தொகுதி மாறினார், எந்தத் தொகுதிலயும் ரெண்டு தடவைக்கு மேல நிக்கல, சேப்பாக்கம் மட்டும் மூணு. அதனால "சொந்தத் தொகுதி செல்வாக்கு"ங்கற வழக்கமான விளக்கம் இவருக்குப் பொருந்தாது. வேற ஏதோ வேலை செஞ்சிருக்கு.

ஆரம்பத்துல இருந்து வருவோம். 1956 திருச்சி மாநாட்டுல தேர்தல்ல நிக்கலாமா வேணாமான்னு வந்தவங்ககிட்டயே ஓட்டு போடச் சொல்லி பெட்டி வச்சு முடிவு பண்ணாங்க திமுக காரங்க. நிக்கலாம்னு முடிவாச்சு. 1957ல கட்சிக்கு அங்கீகாரம் கிடையாது, கணக்குல எல்லாரும் சுயேச்சை. 15 பேர் ஜெயிச்சாங்க. அதுல ஒருத்தர் 33 வயசைத் தொடப்போற கருணாநிதி, குளித்தலைல காங்கிரஸோட கே.ஏ. தர்மலிங்கத்தைத் தோக்கடிச்சு உள்ள போனார். அவர் திருவாரூர் பக்கத்து ஆளு, திருக்குவளைல பொறந்தவர், குளித்தலைக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது, அதாவது முதல் தேர்தல்லயே அவர் வெளியூர்க்காரர்தான். உள்ள போனதும் சட்டசபைல முதல்ல பேசுனது நங்கவரம் பண்ணை விவசாயிங்க பிரச்சனையை. காவிரிக்கரைல குளித்தலை பக்கம் போனவங்களுக்கு நங்கவரம் தெரியும், இன்னிக்கும் வாழையும் நெல்லும்தான். குத்தகைக்காரங்களுக்கும் பண்ணைக்கும் இருந்த தகராறு அது, ஓட்டு போட்ட ஜனங்களோட வயித்துப் பிரச்சனை. வெளியூர் ஆளு ஒருத்தர் தொகுதியை இதைவிட சீக்கிரமா பிடிக்க முடியாது. இவ்ளோ பண்ணிட்டு அடுத்த தேர்தல்ல அங்க நிக்கல, அதுதான் ஆச்சரியம்.

1962ல தஞ்சாவூர். எதிர்ல பரிசுத்த நாடார், காங்கிரஸ், ஊர்ல பெரிய கை. திமுக 50 இடம் பிடிச்சு எதிர்க்கட்சியா ஆன தேர்தல் அது, ஆனா அண்ணாவே காஞ்சிபுரத்துல தோத்துட்டார். 57ல ஜெயிச்ச 15 பேரையும் குறி வச்சு தோக்கடிக்கணும்னு காங்கிரஸ் வேலை பாத்துச்சுன்னு திமுக பக்கம் பழைய ஆளுங்க இன்னிக்கும் சொல்வாங்க. அதை எந்த அளவுக்கு எடுத்துக்கறதுங்கறது உங்க இஷ்டம், ஆனா 1,928 ஓட்டுங்கறது வலைல இருந்து நூலிழைல தப்பிச்ச மார்ஜின்தான். குளித்தலைலயே நின்னிருந்தா என்ன ஆயிருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. அண்ணா மறுபடி காஞ்சிபுரத்துலயே நின்னார், தோத்தார். இவர் மாறினார், தப்பிச்சார். அந்த ஒரு பாடம் மனசுல ஏறிடுச்சோ என்னமோன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. உள்ள போய் எதிர்க்கட்சி துணைத் தலைவர் ஆனார்.

67க்கு சென்னை வந்துட்டார். இதுவும் சும்மா வந்தது இல்ல, 1959லயே சென்னை மாநகராட்சியை திமுக பிடிச்சிருச்சு, அந்த வேலைல இவர் பங்கு பெருசு, அந்த ஜெயிப்புக்கு அண்ணா மோதிரம் போட்ட கதையெல்லாம் எல்லாருக்கும் தெரியும். சென்னைல கட்சி வேர் விட்டிருந்துச்சு. 67ல சைதாப்பேட்டைல வினாயகமூர்த்தியை 20,484 ஓட்டுல ஜெயிச்சார். அந்தத் தேர்தல் ஒரு சுனாமி, காமராஜரே விருதுநகர்ல 1,285 ஓட்டுல பெ. சீனிவாசன்கிட்ட தோத்தார், சீனிவாசன் அப்போ மாணவர் தலைவரா இருந்து வந்த பையன். அண்ணா முதல்வர், கலைஞர் பொதுப்பணித்துறை. 1969 பிப்ரவரி 3 அண்ணா போயிட்டார், ஒரு வாரத்துல, 10ஆம் தேதி, கலைஞர் முதல்வர்.

இப்போ 1971. இங்கதான் என் நோட்டுல முதல் முரண்பாடு. கட்சி 184 இடம் ஜெயிக்குது, அதுவரைக்கும் எந்தக் கட்சியும் பாக்காத நம்பர். 67ஐ விட பெரிய அலை. ஆனா முதல்வரோட சொந்த மார்ஜின் 20,484ல இருந்து 12,511க்கு இறங்குது. குடிசை மாற்று வாரியம் ஆரம்பிச்சவர், சென்னைக்கு நிறைய செஞ்சவர், சைதாப்பேட்டை சென்னைலதான் இருக்கு, அப்புறம் ஏன் இறங்கணும்?

என்னோட பதில் இது: 67ல ராஜாஜியோட சுதந்திரா கட்சி திமுக பக்கம். நடுவுல காங்கிரஸ் ரெண்டா உடைஞ்சு, இந்திரா பக்கம் ஒண்ணு, காமராஜர் பக்கம் ஒண்ணுன்னு ஆச்சு. 71ல அதே சுதந்திரா எதிர்ப்பக்கம் போய் காமராஜரோட ஸ்தாபன காங்கிரஸோட சேந்துருச்சு. ஜென்மப் பகையாளிங்க ராஜாஜியும் காமராஜரும் ஒரே மேடைல. எதிர் ஓட்டு ஒரே எடத்துல குவிஞ்சுது. இந்திரா காங்கிரஸ் கூட்டணில இருந்தாலும் சட்டசபைக்கு ஒரு சீட்டும் வாங்கல, எம்பி சீட்டோட திருப்தி. ஆக கலைஞருக்கு எதிரா குடந்தை ராமலிங்கம், நேருக்கு நேர். மாநிலம் பூரா அலை அடிச்சாலும், முதல்வர் நிக்கற தொகுதில எதிர்ப்பக்கம் எல்லா பலத்தையும் கொண்டு வந்து கொட்டும், அது எந்தத் தேர்தல்லயும் நடக்கறதுதான்.

எதிர் ஓட்டு ஒண்ணா சேந்தா மார்ஜின் சரியும், பிரிஞ்சா ஏறும்ங்கற இந்த ஒரு பாயின்ட்டை வச்சுக்கிட்டு மிச்சத்தைப் பாருங்க, பூட்டுக்கு சாவி மாதிரி ஒண்ணொண்ணா திறக்குது.

72ல எம்ஜிஆர் வெளிய போறார், அதிமுக பொறக்குது, 76 ஜனவரி 31 ஆட்சி கலைப்பு, எமர்ஜென்சி, சர்க்காரியா கமிஷன். இதெல்லாம் தாண்டி 1977ல தேர்தல் வருது, அண்ணா நகர் தொகுதில நிக்கறார். 1968 உலகப் பொருட்காட்சி நடந்த எடம், கோபுரம் நிக்கற எடம், அரசாங்க உத்யோகஸ்தன், பேங்க் க்ளார்க், ப்ளாட் வாங்கி வீடு கட்டினவன், அவனைச் சுத்தி பழைய கிராமங்களும் குடிசைகளும். அந்தத் தேர்தல் நாலு முனைப் போட்டி: அதிமுக, திமுக, காங்கிரஸ், ஜனதா. திமுக மாநிலத்துல 48க்கு சுருங்கிருச்சு. ஆனா இவருக்கு 16,438 மார்ஜின், 71ல முதல்வரா நின்னப்போ வாங்குனதை விட அதிகம்! ஆட்சி போன ஆளு, ஊழல் கமிஷன் தலைக்கு மேல, கட்சி உடைஞ்சிருக்கு, மார்ஜின் மட்டும் ஏறியிருக்கு. ஜனங்களுக்குத் திடீர்னு பாசம் பொங்கலைங்க, எதிர்ல இருந்த ஓட்டு மூணா பிரிஞ்சுது, அவ்ளோதான்.

அடுத்து 1980, இதை கொஞ்சம் நின்னு பாக்கணும்.

ஜனவரில லோக்சபா தேர்தல். திமுகவும் இந்திரா காங்கிரஸும் கூட்டணி, தமிழ்நாட்டுல 39க்கு 37. எம்ஜிஆர் கட்சிக்கு ரெண்டே ரெண்டு, சிவகாசியும் கோபிசெட்டிபாளையமும். கதை முடிஞ்சுதுன்னு எல்லாரும் நினைச்சாங்க, பிப்ரவரில எம்ஜிஆர் ஆட்சியைக் கலைச்சாங்க, மே கடைசில சட்டசபைத் தேர்தல். நாலு மாசத்துல ஜனங்க அப்படியே திருப்பிப் போட்டாங்க. அதிமுக 129, திமுக 37. டெல்லிக்கு ஒண்ணு, கோட்டைக்கு ஒண்ணுன்னு பிரிச்சு போடத் தெரிஞ்ச ஜனம்னு அப்பதான் எல்லாருக்கும் உறைச்சுது. திமுகவும் காங்கிரஸும் ஏறக்குறைய பாதிப் பாதி சீட்டு பிரிச்சுக்கிட்டதால முதல்வர் யாருன்னே குழப்பமா இருந்துச்சு, அதுவும் ஒரு காரணம்.

அண்ணா நகர்ல எதிர்ல டாக்டர் எச்.வி. ஹண்டே. பின்னாடி எம்ஜிஆர் அமைச்சரவைல சுகாதாரம் பாத்தவர். சாதுவா பேசுற டாக்டர், படிச்ச மிடில் க்ளாஸுக்குப் பிடிக்கற முகம், அண்ணா நகருக்கு இதைவிட சரியான வேட்பாளரை எம்ஜிஆர் தேடிப் பிடிச்சிருக்க முடியாது. இந்தத் தடவை நாலு முனை கிடையாது, கிட்டத்தட்ட நேருக்கு நேர். கலைஞர் 51,290. ஹண்டே 50,591. ரெண்டையும் கூட்டினா ஒரு லட்சத்து சொச்சம் ஓட்டு, அதுல வித்தியாசம் 699. ஒரு சதவீதம்கூட இல்ல.

எங்க மாமா ஒருத்தர் வாத்தியார், பேலட் பேப்பர் காலத்துல பல தேர்தல்ல எண்ணிக்கை டூட்டி பாத்தவர். இந்தத் தொகுதி இல்ல, அவர் வேற மாவட்டம். அவர் சொல்ற எண்ணிக்கை இப்போ மெஷின்ல பட்டன் அமுக்கினா வர்ற மாதிரி கிடையாது. பெட்டியைத் திறந்து மேஜைல கொட்டி, ஒவ்வொரு சீட்டா பிரிச்சு, கட்டு கட்டா கட்டி, சின்னம் வாரியா அறைல போடணும். முத்திரையைக் கோட்டு மேல குத்தியிருப்பான், ரெண்டு சின்னத்துக்கும் பாதிப் பாதி விழுந்திருக்கும். மை காயறதுக்குள்ள மடிச்சிருப்பான், இந்தப் பக்கம் குத்தினது அந்தப் பக்கம் ஒட்டி, ரெண்டு சின்னத்துலயும் முத்திரை இருக்கும். எது நிஜ முத்திரை எது ஒட்டுன முத்திரைன்னு அந்தச் சுழி எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு வெளிச்சத்துல தூக்கிப் பாத்துதான் சொல்லணுமாம். சுத்தி நிக்கற ஏஜென்ட்டுங்க கம்பி வேலிக்கு அந்தப்பக்கம் இருந்து கத்துவாங்க. "பெரிய வித்தியாசம்னா எவனும் கண்டுக்க மாட்டான்டா, ஆயிரத்துக்குக் கீழ வந்துச்சுன்னா செல்லாத ஓட்டு ஒவ்வொண்ணுக்கும் சண்டைதான், விடிய விடிய நடக்கும்"பார். 699ஐ அந்த மாதிரி ஒரு ஹாலுக்குள்ள வச்சு யோசிச்சுப் பாருங்க. 350 பேர் மாத்தி குத்தியிருந்தா தமிழ்நாட்டு அரசியல் வரலாறே வேற மாதிரி எழுதியிருப்பாங்க, 13க்கு 13ங்கற பேச்சே இருந்திருக்காது.

அடுத்த நாலு வருஷத்தைச் சுருக்கமா முடிச்சுக்கறேன். எதிர்க்கட்சித் தலைவரா இருந்தவர், 1983 ஜூலைல இலங்கைல தமிழர்களைக் கொன்னு குவிச்ச கலவரத்துக்கு அப்புறம், மத்திய மாநில அரசுங்க ஒண்ணும் பண்ணலன்னு ஆகஸ்ட்ல அவரும் அன்பழகனும் எம்எல்ஏ பதவியை ராஜினாமா பண்ணாங்க. அப்புறம் மேலவைக்குப் போயிட்டார். 1984 டிசம்பர் தேர்தல்ல அவர் நிக்கல. இந்திரா காந்தி கொலை, எம்ஜிஆர் அமெரிக்கால ஆஸ்பத்திரில, ரெண்டு அனுதாபமும் ஒரே கூட்டணிக்கு. எம்ஜிஆர் ஆண்டிபட்டிக்கு வராமயே ஜெயிச்சார். 57ல இருந்து 2016 வரைக்கும் கலைஞர் நிக்காத ஒரே சட்டசபைப் பொதுத்தேர்தல் இதுதான். நின்னிருந்தா? எதிர்ல அதிமுகவும் காங்கிரஸும் ஒண்ணா சேந்திருந்த வருஷம். என் சாவி சரின்னா, அண்ணா நகர்ல மூணாவது தடவை நின்னிருந்தா தாண்டியிருக்க மாட்டார்னுதான் நினைக்கிறேன். இது என் ஊகம்தான், அடிக்க வராதீங்க. "தோக்காத ரெக்கார்டு"ன்னு பேசும்போது ஆடாத மேட்சையும் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கணும்ங்கறதுக்காக சொல்றேன். மேலவையையும் 86ல எம்ஜிஆர் ஒழிச்சுக் கட்டிட்டார்.

87 டிசம்பர் 24 எம்ஜிஆர் மறைவு. அதிமுக ஜானகியோட ஜா அணி, ஜெயலலிதாவோட ஜெ அணின்னு ரெண்டாச்சு. 89 ஜனவரில தேர்தல், மறுபடி நாலு முனை: திமுக, ரெண்டு அதிமுக, மூப்பனார் தலைமைல காங்கிரஸ். திமுக மூணுல ஒரு பங்கு ஓட்டை வச்சுக்கிட்டு 150 இடம் அள்ளுச்சு. கலைஞர் இந்தத் தடவை துறைமுகம். மண்ணடி, ஜார்ஜ் டவுன் சந்துங்க, மொத்த வியாபாரம், மூட்டை தூக்கற தொழிலாளி, முஸ்லிம் ஓட்டு நல்ல எண்ணிக்கைல இருக்கற எடம். முஸ்லிம் லீக்கோட வகாப்பை 31,991ல ஜெயிச்சார். 13 வருஷம் கழிச்சு மறுபடி முதல்வர் நாற்காலி. பொண்ணுங்களுக்கு சொத்துல சம பங்குன்னு சட்டம் கொண்டு வந்தது இந்த ரெண்டு வருஷ ஆட்சிலதான், ஒரு சட்டமன்ற உறுப்பினரா அவர் பேரைச் சொல்ற வேலைங்கள்ல இது எனக்கு முதல் வரிசை.

91 ஜனவரி 30, டெல்லில இருந்த சந்திரசேகர் ஆட்சி, அரசியல் சட்டத்தோட 356ஆம் பிரிவை வச்சு திமுக ஆட்சியைக் கலைச்சுது. மே 21 ஸ்ரீபெரும்புதூர்ல ராஜீவ் காந்தி கொலை. தள்ளிப்போன தேர்தல் ஜூன்ல. அந்த நாலு வாரம் திமுக கொடிக்கம்பம் நட்டு வச்ச எடமெல்லாம் அடி. கட்சிக்காரன் கரை வேட்டி கட்டிக்கிட்டு வெளிய வர யோசிச்ச காலம். அதிமுக 164, காங்கிரஸ் 60, திமுக கூட்டணிக்கு மொத்தமாவே ஒற்றை இலக்கம்தான். அந்த வெள்ளத்துல துறைமுகத்துல காங்கிரஸோட சுப்புவை 890 ஓட்டுல தாண்டினார் கலைஞர். 31,991 எங்க, 890 எங்க. எதிர்ல ரெண்டு அதிமுகவும் காங்கிரஸும் ஒண்ணு, மேல அனுதாப அலை. 77–80ல நடந்ததோட அச்சு அசல் ரிப்பீட்டு: முதல் தடவை எதிரி பிரிஞ்சிருந்தப்போ பெரிய மார்ஜின், ரெண்டாவது தடவை எதிரி சேந்தப்போ நூலிழை.

ஜெயிச்சும் கட்சித் தோல்விக்குப் பொறுப்பேத்துக்கிட்டு அந்த எம்எல்ஏ பதவியை ராஜினாமா பண்ணிட்டார். உண்மையைச் சொன்னா, என்னைப் பொறுத்தவரைக்கும் அவரோட 13ல இந்த 890தான் பெரிய ஜெயிப்பு. மாநிலம் பூரா கட்சி மண்ணோட மண்ணா போன அன்னிக்கு, தலைவர் ஒருத்தர் சொந்தத் தொகுதில தலை தப்பிச்சதைத்தான் நான் திறமைன்னு சொல்வேன். இதே சோதனை ஜெயலலிதாவுக்கு 96ல வந்துச்சு, பர்கூர்ல சுகவனம்கிட்ட 8,366 ஓட்டுல தோத்தாங்க. காமராஜருக்கு 67ல வந்துச்சு, தோத்தார். அண்ணாவுக்கு 62ல. இவர் மட்டும் 62, 80, 91ன்னு மூணு தடவை அந்தச் சோதனைல பாஸ். மூணு தேர்தலோட மார்ஜினையும் கூட்டினாக்கூட 3,517 ஓட்டுதான், ஒரு பெரிய ஊராட்சி அளவு.

96ல சேப்பாக்கம். இதை முனை கணக்குல விளக்க முடியாது, ஜெயலலிதா ஆட்சி மேல ஜனங்களுக்கு இருந்த கோவம், மூப்பனார் காங்கிரஸை விட்டு வந்து ஆரம்பிச்ச தமாகா (தமிழ் மாநில காங்கிரஸ்), ரஜினி வாய்ஸ், எல்லாம் சேந்து அடிச்ச அடி. நெல்லை கண்ணன் காங்கிரஸ் சார்புல எதிர்ல நின்னார். மேடைல ரெண்டு பேரும் தமிழ்ல பிச்சு உதறுறவங்க, அந்தப் பிரச்சாரத்தை நேர்ல கேக்கக் குடுத்து வைக்கல எனக்கு. 35,784. நாலாவது தடவை முதல்வர், உழவர் சந்தை, மினி பஸ், சமத்துவபுரம் எல்லாம் இந்த ஆட்சில. அஞ்சு வருஷம் பெருசா கெட்ட பேரு கிடையாது. ஆனா 2001ல தமாகா, காங்கிரஸ், பாமக, ரெண்டு கம்யூனிஸ்ட்டு எல்லாரும் ஜெயலலிதா பக்கம் போயிட்டாங்க, திமுகவுக்கு பாஜகவும் சில சின்னக் கட்சிங்களும். கூட்டல் கழித்தல்லயே தோத்த தேர்தல் அது. திமுக 31. சேப்பாக்கத்துல காங்கிரஸோட தாமோதரனை 4,834ல தாண்டினார். ஜூன் 30 விடியக்காலைல மேம்பால கேஸ்ல கைது, அந்த வீடியோ எல்லாரும் பாத்தது.

2006ல கூட்டணி மறுபடி இந்தப்பக்கம், காங்கிரஸ், பாமக, கம்யூனிஸ்ட்டுங்க எல்லாம் திமுகவோட. 2 ரூபா அரிசி, கலர் டிவி. 96 இடம்தான் திமுகவுக்குத் தனியா, மெஜாரிட்டி இல்ல, கூட்டணி வெளிய இருந்து தாங்குச்சு, அஞ்சாவது தடவை முதல்வர். ஆனா சேப்பாக்கத்துல மார்ஜின் 8,526தான், எதிர்ல தாவூத் மியாகான். என் கணக்குப்படி கூட்டணி நம்ம பக்கம் சேந்தா மார்ஜின் நல்லா எகிறணும், எகிறல. ஏன்னு யோசிச்சேன். ஒண்ணு, விஜயகாந்த் புதுசா வந்தார், எல்லா எடத்துலயும் ஓட்டைப் பிச்சார். ரெண்டு, சேப்பாக்கம் குட்டித் தொகுதி, கடற்கரையை ஒட்டின பழைய மெட்ராஸ், ஜனங்க காலி பண்ணிட்டு புறநகருக்குப் போயிட்டே இருந்த காலம், அந்த ஓட்டு எண்ணிக்கைல 8,526 அவ்ளோ மோசமில்ல. ஆனாலும் என் சாவி இந்தப் பூட்டுல கொஞ்சம் இறுக்கமாத்தான் திரும்புது, அதை மறைக்க விரும்பல.

அப்புறம் தொகுதி மறுசீரமைப்பு. சேப்பாக்கம் தனியா இல்லாம சேப்பாக்கம்–திருவல்லிக்கேணி ஆச்சு. இன்னொரு மாற்றமும் நடந்துச்சு, இதைப் பலபேர் கவனிக்கல: ரொம்ப வருஷமா தனித் தொகுதியா, அதாவது பட்டியல் சாதிக்காரங்க மட்டும் நிக்கற தொகுதியா இருந்த திருவாரூர் பொதுத் தொகுதியாச்சு. "சொந்த ஊர்ல நிக்க தைரியம் இல்லாம சென்னைலயே சுத்துனாரு"ன்னு கிண்டல் பண்றவங்க இதைத் தெரிஞ்சுக்கணும், தனித் தொகுதியா இருந்த காலம் பூரா அவர் திருவாரூர்ல வேட்பாளரா நிக்கவே சட்டப்படி முடியாது. 2011ல கதவு திறந்துச்சு, 86 வயசுல உள்ள போனார்.

2011 திமுகவுக்கு மோசமான தேர்தல்ங்க. 2ஜி, மின்வெட்டு, குடும்பம், எல்லாம் சேந்து கட்சி 23க்கு இறங்கி எதிர்க்கட்சி அந்தஸ்தையே 29 இடம் வாங்கின விஜயகாந்த்கிட்ட குடுத்துச்சு. எதிர்ல அதிமுக, தேமுதிக, கம்யூனிஸ்ட்டுங்கன்னு எல்லாரும் ஒண்ணு. என் விதிப்படி 80, 91 மாதிரி நூலிழை வந்திருக்கணும். வந்தது 50,249. விதி டமார். 2016ல அதிமுக தனியா, மக்கள் நலக் கூட்டணி தனியா, பாமக தனியா, எதிர் ஓட்டு சிதறின தேர்தல், அங்க 68,366, அந்த வருஷம் தமிழ்நாட்டுலயே அதிகமான மார்ஜின். 92 முடியப் போற மனுஷன், வேன்ல உக்காந்தபடியே பேசினார், குரல் பாதி கம்மிப்போயிருந்துச்சு.

திருவாரூருக்கு என்ன விளக்கம்? "நம்ம ஊருப் பையன்"ங்கறது முதல் விளக்கம். அவர் படிச்ச ஊரு, கொடி புடிச்சு ஊர்வலம் போன ஊரு, ஓடாம நின்ன ஆழித்தேரை ஓட வச்சதுல அவர் ஆட்சிக்குப் பங்கு உண்டுன்னு சாமி கும்பிடறவங்களே சொல்ற ஊரு. ஏழு தொகுதில ஆறுல அவர் தலைவரா போய் நின்னார், இங்க மட்டும் வீட்டுக்குத் திரும்பி வந்த மாதிரி. அதனால எதிரி சேந்தாலும் பிரிஞ்சாலும் இங்க கவலையில்லன்னு நான் முதல்ல எழுதி வச்சிருந்தேன், அழகாவும் இருந்துச்சு.

அப்புறம் 2019ஐப் பாத்தேன். 2018 ஆகஸ்ட் 7 அவர் மறைஞ்சார். திருவாரூருக்கு 2019 ஜனவரில இடைத்தேர்தல்னு அறிவிச்சாங்க, கஜா புயல் நிவாரணம் முடியலன்னு ரத்து பண்ணாங்க, கடைசில ஏப்ரல்ல லோக்சபா தேர்தலோட சேத்து நடந்துச்சு. திமுக நிறுத்துனது பூண்டி கலைவாணன், மாவட்டச் செயலாளர். ஜெயிச்ச வித்தியாசம் 64,571. கலைஞரோட 68,366க்கு வெறும் 3,795 கம்மி. அதாவது அந்த ஓட்டுல பெரும்பகுதி கட்சி ஓட்டு, கூட்டணி ஓட்டு, கீழத்தஞ்சைல விவசாயத் தொழிலாளிங்க கிட்ட திமுகவும் கம்யூனிஸ்ட்டும் பல தலைமுறையா கட்டி வச்ச ஓட்டு. அனுதாபமும் இருந்திருக்கும், மறுக்கல. ஆனா "நம்ம ஊருப் பையன்" கணக்கு நான் நினைச்ச அளவுக்குப் பெருசா இல்ல போலருக்கு. அந்தப் பேராவை அடிச்சிட்டு எழுதலாம்னு பாத்தேன், அப்புறம் யோசிச்சது யோசிச்சபடியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

இன்னொரு நம்பரும் நோட்டோட ஓரத்துல எழுதி வச்சிருக்கேன். 2021ல சேப்பாக்கம்–திருவல்லிக்கேணில பேரன் உதயநிதி முதல் தடவையா நின்னு 69,355 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சார். தாத்தாவோட 13 தேர்தல்ல பெரிய மார்ஜினை விட 989 ஓட்டு அதிகம், அதுவும் தாத்தா 2001ல 4,834ல தப்பிச்ச அதே சேப்பாக்கம் தெருக்களும் சேந்த தொகுதில.